யார் நடந்த நடை

என் கணவர் பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற அன்று வீட்டுக்கு வந்து சோபாவில் உட்கார்ந்தார். அதன்பிறகு ஏறக்குறைய எட்டு மாதம் எழுந்திருக்கவே இல்லை. சாப்பிட எழுந்தார், குளிக்க எழுந்தார், ஞாயிற்றுக்கிழமை என்னோடு சர்ச்சில் பூசைக்கு வந்தார். மற்ற நேரமெல்லாம் சோபாதான். முப்பது வருஷத்துக்கு மேல் வேதியியல் நடத்திய மனுஷர். சாந்தோமில் எங்கள் தெருவில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். கீழே இறங்கினால் நாலு பேர் "குட்மார்னிங் சார்" சொல்வார்கள், அதற்குப் பயந்துதான் இறங்காமல் இருக்கிறாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம். கேட்டால், "ஒண்ணுமில்ல, அசதியா இருக்கு" என்பார்.

எங்கள் ஒரே மகள் புனேயில் வேலை செய்கிறாள். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, நின்றுபோய், அப்போது ஒரு வருஷம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு அவள் குரலே மாறிவிட்டது. ஃபோனை எடுத்ததும், நான் கேட்பதற்கு முன்பே, "சாப்டேன் மம்மி, தூங்கினேன் மம்மி" என்று சொல்லிவிடுவாள். சாப்பிடவில்லை, தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும். சோபாவில் ஒருவர், ஃபோனில் ஒருவர், நடுவில் நான். எனக்கு ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்திக்கொண்டே, யாரை முதலில் கவனிப்பது என்று விளங்காமல் உட்கார்ந்திருப்பேன்.

அவருக்குச் சர்க்கரை ஏறியது. அடையாறில் நாங்கள் வழக்கமாகப் பார்க்கும் டாக்டரம்மா சின்ன வயதுக்காரர், ஆனால் பொறுமைசாலி. "காலையில ஒரு மணி நேரம் நடங்க சார். ராத்திரி சோறு வேண்டாம். பத்து மணிக்குப் படுத்துடுங்க. நாலு பேர்கிட்ட பேசுங்க, வீட்டுக்குள்ளயே இருக்காதீங்க" என்றார். இவ்வளவுதான். இதைக் கேட்டுக்கொண்டு நான் சும்மா இருந்திருக்கலாம்.

இருக்கவில்லை. பக்கத்து வீட்டம்மா ஊறவைத்த வெந்தயம் என்றார். பங்குக் கோயில் பாட்டுக் குழுவில் இருக்கும் ஒருவர் பாகற்காய்ச் சாறு என்றார். என் தங்கை சீரகத் தண்ணீர் என்றாள். வாட்ஸ்அப்பில் ஒரு டாக்டர் இஞ்சி என்றார், இன்னொரு டாக்டர் இஞ்சி கூடவே கூடாது, நெல்லிக்காய் என்றார். காலையில் வெறும் வயிற்றில் குடிக்க வேண்டியவை மட்டும் ஐந்து சேர்ந்துவிட்டன. ஐந்தையும் எப்படி வெறும் வயிற்றில் குடிப்பது? முதலாவதைக் குடித்ததும் அது வெறும் வயிறு இல்லையே. இதைச் சத்தமாகவே அவரிடம் கேட்டேன். அவர் ஐந்து டம்ளர்களையும் பார்த்தார். "நீயே முடிவு பண்ணு" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அந்த வாரம்தான் மகள் கைக்கடிகாரம் ஒன்றை அனுப்பினாள். வான நீலத்தில் ரப்பர் பட்டி. எத்தனை அடி நடக்கிறோம், இதயம் எப்படித் துடிக்கிறது, எவ்வளவு நேரம் தூங்கினோம், எல்லாவற்றையும் அது எண்ணும். இவர் ஃபோன் வழியாகப் புனேயில் அவளுக்கும் தெரியும். "டாடி, தினம் பத்தாயிரம். நான் பாத்துட்டே இருப்பேன்" என்றாள். மகள் சொல்லுக்கு மறுப்பு சொல்லத் தெரியாதவர் அவர். மறுநாள் காலை கேன்வாஸ் ஷூவைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு கடற்கரைப் பக்கம் போனார்.

முதல் வாரம் இரண்டாயிரம், இரண்டாயிரத்து ஐந்நூறு. இரண்டாவது வாரம் ஒரு நாள் திடீரென்று எட்டாயிரம். அன்று மகள் ஃபோனில் கத்தியது தெருவுக்கே கேட்டிருக்கும். "டாடி! எப்படி டாடி?" அவர் சிரித்தபடி, "அப்படியே நடந்துட்டேன்மா" என்றார். அதன்பிறகு தினமும் பத்தாயிரம், பதினோராயிரம். ஞாயிறு மட்டும் குறையும். ஞாயிறு ஓய்வுநாள்தானே என்று நான் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

அவரிடம் மாறுதல் தெரிந்தது. எட்டு மணிக்கு வீடு திரும்பும்போது பசியோடு வருவார். பகலில் தூங்குவது நின்றது, ராத்திரி படுத்தவுடன் குறட்டை. நான் செய்த சாறுகளில் ஒன்றுகூட இப்போது இல்லை, நானே சலித்துப்போய் விட்டுவிட்டேன். மகளும் மாறினாள். "டாடி இவ்ளோ நடக்கும்போது நான் படுத்துட்டு இருந்தா அசிங்கமா இருக்கு மம்மி" என்று அவளும் காலையில் நடக்க ஆரம்பித்தாள். தினமும் சாயங்காலம் குடும்ப வாட்ஸ்அப்பில் இரண்டு எண்கள் வரும். டாடி 10,800, நான் 7,200. சில நாள் அழுகிற முகம், சில நாள் ஓடுகிற பெண்ணின் படம். மூன்று மாதம் இப்படிப் போயிற்று. நான் தினம் காலை ஆறு மணிப் பூசைக்குப் போகிறவள். அந்த மூன்று மாதமும் நன்றி சொல்வதைத் தவிர வேறு எதுவும் நான் கேட்கவில்லை.

அரையாண்டுத் தேர்வு முடிந்து எனக்கு விடுமுறை. ஒரு நாள் காலை ஏழே முக்காலுக்கு கேஸ் சிலிண்டர் வந்தது. கொண்டுவந்தவர், "ஓடிபி சொல்லும்மா" என்றார். ஓடிபி போவது இவர் ஃபோனுக்கு. கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். சிலிண்டர்காரர் வாசலில் நின்று, "சீக்கிரம்மா, இன்னும் இருவது வூடு கீது" என்றார். அந்தத் தெருவை முடித்துவிட்டு வாருங்கள், அதற்குள் வாங்கி வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுக் கடற்கரைச் சாலைக்கு நடந்தேன். ஐந்து நிமிஷ நடைதான்.

சாலையோரம் துப்புரவுப் பணி செய்யும் பெண்கள் நாலைந்து பேர் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் என்னைக் கடந்து போனார். நாற்பத்தைந்து வயது இருக்கலாம். பச்சை மேல்சட்டை, தலையில் துண்டு, நீளத் துடைப்பம். துடைப்பத்தைப் பிடித்த கையில் வான நீலப் பட்டி.

நான் நின்றுவிட்டேன். முதலில் தோன்றியது, இவர் எங்கேயோ விழுந்துவிட்டார், கடிகாரம் கழன்று கிடந்திருக்கிறது, இந்தப் பெண் எடுத்துக் கட்டிக்கொண்டிருக்கிறாள். அடுத்து, உலகத்தில் ஒரே ஒரு நீலக் கடிகாரம்தான் இருக்கிறதா என்று என் மேலேயே கோபம். ஒரு பெண்ணைப் பார்த்த மாத்திரத்தில் திருட்டு என்று நினைத்துவிட்டேனே என்று கூச்சம். அந்தப் பெண் அதற்குள் கொஞ்ச தூரம் போய்விட்டார். போனவர் ஒரு விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்கினார். அதைப் பார்த்தேன். பார்த்தேனே தவிர, அதைப் பற்றி எதுவும் நினைக்கவில்லை.

அப்போது மணல் பக்கமிருந்து ஒரு குரல். "ரெட் காயப் போட்டுட்டு ஃபாலோ போடலன்னா எதுக்குடா ரெட்டப் போட்ட?"

என் கணவரின் குரல் அது. ஆனால் அவர் யாரையும் 'டா' போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. பையன்களைக்கூட 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்.

குப்பத்து ஓரத்தில் தகரக் கூரை போட்ட ஒரு இடம். நடுவில் கேரம் போர்டு, சுற்றி நான்கு பேர். மூன்று பேர் கடலுக்குப் போகாத வயசான மீன்காரர்கள். நான்காவது ஆள் கை முழுக்கப் போரிக் பவுடரோடு என் கணவர். எதிரில் இருந்தவர், "இன்னா சார் நீ, நேத்து நீ உட்டியே, அத்த யார் கேட்டா?" என்றார். என் கணவர் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் எப்போது கடைசியாகக் கேட்டேன் என்று யோசித்துப் பார்த்தேன். நினைவு வரவில்லை. ஃபைபர் படகு ஒன்றின் மறைவில் நின்றுகொண்டு, கூப்பிடலாமா, திரும்பிப் போகலாமா என்று தவித்தேன். அவர் கையில் கடிகாரம் இல்லை என்பதை மட்டும் உறுதி செய்துகொண்டு திரும்பிவிட்டேன். ஓடிபி கேட்கவில்லை. சிலிண்டர் திரும்பிப் போயிற்று.

எட்டு மணிக்கு அவர் வந்தார். கையில் கடிகாரம் இருந்தது. "ரெண்டு தடவ கூப்பிட்டிருக்க, கவனிக்கல" என்றார். "சிலிண்டர் வந்துச்சு, போயிடுச்சு" என்றேன். "சரி, நாளைக்கு வரும்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். சாயங்காலம் வாட்ஸ்அப்பில் வந்தது: டாடி 11,300, நான் 9,100. மகள் அன்று முதல் முறையாக ஒன்பதாயிரத்தைத் தொட்டிருந்தாள். ஃபோன் செய்து, "மம்மி, இன்னைக்கு நல்லாப் பசிச்சுது, ரெண்டு தோசை எக்ஸ்ட்ரா சாப்டேன்" என்றாள்.

இனி நான் யாரிடம் என்ன சொல்வது?

மூன்று வாரம் எதுவும் சொல்லவில்லை. அந்த மூன்று வாரமும் எனக்குத்தான் தூக்கம் இல்லை. அவர் நடக்கவில்லை, ஆனால் நன்றாக இருக்கிறார். மகள் ஒரு பொய்யோடு போட்டி போடுகிறாள், ஆனால் சாப்பிடுகிறாள். பொய்யைச் சொன்னால் இரண்டும் கெட்டுவிடுமோ? சொல்லாவிட்டால் நானும் பொய்யில் கூட்டா? இதற்கெல்லாம் மேலே இன்னொன்று குடைந்தது. அந்த மீன்காரர்களிடம் சிரிக்கிற மனுஷர் எட்டு மாதம் என்னிடம் ஏன் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்? அந்தத் துப்புரவுப் பெண்ணிடம் சொல்ல முடிந்ததை என்னிடம் ஏன் சொல்லவில்லை? பொறாமையா இது? கேரம் போர்டின் மேலே ஒருத்திக்குப் பொறாமை வருமா?

ஒரு சனிக்கிழமை ஃபாதரிடம் பாவங்களைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஃபாதர், "டீச்சர், நீங்க பொய் சொன்னீங்களா?" என்று கேட்டார்.

"இல்ல ஃபாதர்."

"அப்ப எதைப் பாவம்னு சொல்றீங்க?"

"அதுதான் ஃபாதர் எனக்கும் தெரியல."

அவருக்கும் தெரியவில்லை என்று நினைக்கிறேன். ஒரு ஜெபமாலை சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார்.

அதற்கு அடுத்த வாரம் டாக்டரம்மாவிடம் போக வேண்டியிருந்தது. ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "சூப்பர் சார். நல்லா இறங்கியிருக்கு. நடக்கிறீங்க இல்ல?" என் கணவர் ஏதோ தலையசைத்தார். டாக்டரம்மா கை நீட்டி, "வாட்ச் கட்டியிருக்கீங்களே, ஃபோனைக் குடுங்க, பார்க்கலாம்" என்றார். வாங்கிப் பார்த்தார். மலர்ந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. மேலேயும் கீழேயும் தள்ளிப் பார்த்தார்.

"காலையில நடக்கும்போது மூச்சு வாங்குதா சார்?"

"இல்லையே டாக்டர்."

"படபடப்பு? தலைசுத்தல்?"

"இல்ல."

"தினம் காலையில ஆறரைக்கு மேல துடிப்பு நூத்தம்பதைத் தாண்டுது. கொஞ்ச நேரம் உக்கார்ந்தாக்கூட சீக்கிரம் இறங்க மாட்டேங்குது. மத்த நேரம் எல்லாம் நார்மல். இது எனக்குச் சரியாப் படல."

அங்கேயே ஈசிஜி எடுத்தார். அதில் ஒன்றும் இல்லை. டாக்டரம்மா ஈசிஜி தாளையும் ஃபோனையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு இதய டாக்டரின் பெயரை எழுதித் தந்து, நாளைக்கே போகச் சொன்னார். என் கணவரின் காது மடல் இரண்டும் சிவந்திருந்தன.

மாடிப்படியில் பாதி இறங்கியதும் அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அது என் துடிப்பு இல்ல" என்றார்.

"தெரியும்."

"தெரியுமா? எப்போலேர்ந்து?"

"சிலிண்டர் திரும்பிப் போன அன்னைக்கிலேர்ந்து."

அவர் என்னையே பார்த்தார். அந்தப் படியிலேயே உட்கார்ந்தார். கீழேயிருந்து ஏறி வந்த ஒருவர் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார். என் கணவர் சொன்னது இதுதான். முதல் வாரம் நடந்து பார்த்தார். தனியாக நடக்க நடக்க மனசு இன்னும் கனத்தது. மணலில் உட்கார்ந்துவிட்டார். பட்டி அரித்ததால் கடிகாரத்தைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தவர், மறந்து எழுந்து கேரம் ஆடுகிற இடத்துக்கு வேடிக்கை பார்க்கப் போனார். பெருக்க வந்த பெண் அதை எடுத்துக் கையில் மாட்டிக்கொண்டு, யாருடையது என்று கேட்டுக்கொண்டே வேலை பார்த்தார். ஒரு மணி நேரம் கழித்து இவரிடம் வந்து கொடுத்தார். துடைப்பம் வீசுவதையும் அது அடியாக எண்ணியிருக்க வேண்டும், அன்றைக்குத்தான் எட்டாயிரம். அன்றைக்குத்தான் மகள் ஃபோனில் கத்தினாள்.

"அவ அவ்வளவு சந்தோஷமாப் பேசி எத்தனை மாசம் ஆச்சு? நான் நடக்கலம்மான்னு எப்படிச் சொல்றது? மறுநாள் அந்தம்மாகிட்ட நானே குடுத்தேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"உன்கிட்ட சொன்னா நீ என்ன செய்வ? இன்னும் ரெண்டு டம்ளர் கலக்குவ." சொன்னவர் உடனே என் கையைப் பிடித்தார். "தப்பாச் சொல்லல. நீ தினம் என் முகத்தப் பாத்து, தேறிட்டேனான்னு தேடுற. தேறலயேன்னு எனக்கு வெக்கமா இருக்கும். அங்க யாரும் எப்படி இருக்கேன்னு கேக்க மாட்டாங்க. காயப் போட்டேனா இல்லையா, அவ்வளவுதான்."

எனக்கு அழுகை வந்ததா, கோபம் வந்ததா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. அதற்குள் வேறொன்று உறைத்தது. இருவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்திருக்க வேண்டும், இருவரும் ஒன்றாகத்தான் எழுந்தோம். அது இவர் துடிப்பு இல்லையென்றால், நூற்றைம்பதுக்கு மேல் துடிப்பது அந்தப் பெண்ணின் இதயம்.

மேலே ஏறிப் போய் டாக்டரம்மாவிடம் சொன்னோம். முதலில் சிரித்துவிட்டார். பிறகு நிறுத்திக்கொண்டு, "அவங்களைக் கூட்டிட்டு வாங்க. தள்ளிப் போடாதீங்க" என்றார்.

மறுநாள் காலை இருவரும் கடற்கரைச் சாலைக்குப் போனோம். அந்தப் பெண் இல்லை. "பேர் என்னங்க?" என்று இவரைக் கேட்டேன். விழித்தார். மூன்று மாதம் தன் கடிகாரத்தை அந்தக் கையில் கட்டியவருக்கு அவர் பேர் தெரியாது. "அம்மான்னு கூப்பிடுவேன்" என்றார். அடுத்த நாளும் இல்லை. கூட வேலை செய்கிற பெண்ணிடம் விசாரித்தோம். "அதுக்கு மேலுக்கு முடியல, ரெண்டு நாளா வரல. பெரும்பாக்கத்திலேர்ந்து வரணுமில்ல?" என்றார். ஃபோன் நம்பர் இருந்தது, அடித்தால் அணைத்து வைத்திருப்பதாகச் சொன்னது. அந்த இரண்டு நாளும் இவர் கேரம் பக்கமே போகவில்லை. நாங்கள் இருவரும் ஒரு சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து பெருக்குகிறவர்களையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மூன்றாம் நாள் வந்துவிட்டார். முகம் வெளிறிப்போயிருந்தது. எங்களைப் பார்த்ததும் பயந்துவிட்டார். "சார்தான் குட்த்தாரு டீச்சர். நான் கேக்கல."

"அதுக்காக வரலம்மா. உங்களுக்கு நடந்தா படபடன்னு அடிச்சிக்குதா?"

"அடிச்சிக்கும். எங்க வூடு ஆறாவது மாடி. லிஃப்ட் ரெண்டு மாசமா வேல செய்யல. ஏறிக்கினே கீறேன், பாதில கண்ணு இருட்டிக்கும். எல்லாருக்கும் அப்டித்தான்னு நென்ச்சிக்கினு கீறேன்."

"டாக்டரைப் பாத்தீங்களா?"

"பாத்தா ஒரு நாள் பூடும். ரெண்டு நாள் ஏற்கெனவே பூட்ச்சி." துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நின்றார். "குடிசய காலி பண்ணி பெரும்பாக்கத்துக்கு அனுப்புறதுக்கு முன்னாடி, கோட்டூர்புரம் ஆத்தோரம் இருந்தப்ப நடந்தே வேலைக்கி வருவேன், ஒண்ணும் தெரியாது. இப்போ மூணரைக்கு எந்திரிச்சி, முத பஸ்ஸு. அதான் ஒடம்பு இப்டி ஆயிச்சின்னு நென்ச்சேன்."

நான் வற்புறுத்தி அன்றே அழைத்துப் போனேன். டாக்டரம்மாவின் வாசலில் காத்திருக்கும்போதுதான், இவர் டீ வாங்க வெளியே போன நேரத்தில், அந்தப் பெண் என் பக்கம் குனிந்து மெல்லிய குரலில் சொன்னார். ஒரு வருஷத்துக்கு மேலாக மாதவிலக்கு நிற்பதே இல்லையாம். பதினைந்து நாள், இருபது நாள். யாரிடமும் சொன்னதில்லை. "வயசு அப்டின்னு உட்டுட்டேன். துணிய மாத்திக்க இந்த ரோட்ல எடம் ஏது டீச்சர்?"

உடம்பில் ரத்த அளவு இருக்க வேண்டியதில் பாதிக்கும் கீழே இருந்தது, அதனால்தான் அந்தப் படபடப்பு. டாக்டரம்மா எழுதிக் கொடுத்த கடிதத்தோடு அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கர்ப்பப்பையில் கட்டி. ரத்தம் ஏற்றி, தெம்பு வந்த பிறகு ஆபரேஷன் செய்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிய அன்று எங்கள் டாக்டரம்மாவிடம் காட்டியபோது அவர் கண்டிப்பாகச் சொன்னார்: "ரெண்டு மாசம் நடக்கக் கூடாது, படி ஏறக் கூடாது, கனம் தூக்கக் கூடாது. படுத்து ஓய்வெடுக்கணும்." அதே மேஜை, அதே டாக்டர், அதே சர்க்கரை அட்டவணை சுவரில். என் கணவருக்குப் படுக்காதே, நட என்று சொன்ன இடம். அந்தப் பெண் என்னைப் பார்த்து, "ஆறாவது மாடிக்கி படி ஏறாம எப்டி டீச்சர் போறது?" என்று கேட்டார். அவருடைய அக்கா ஆதம்பாக்கத்தில் தரைத்தளத்தில் இருந்தார். இரண்டு மாதம் அங்கே இருக்க ஏற்பாடாயிற்று. கூடவே இருந்து நான்தான் எல்லாம் பேசினேன். ஆனாலும் அது நல்ல ஏற்பாடுதானா என்று எனக்கு நிச்சயமில்லை, அந்த அக்கா முகத்தில் அத்தனை மகிழ்ச்சி இல்லை.

இன்னொரு வேலை பாக்கி இருந்தது. மகளிடம் சொல்ல வேண்டும். இவரே சொல்கிறேன் என்றார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஃபோனைச் சத்தமாக வைத்துக்கொண்டு ஒன்றுவிடாமல் சொன்னார். கேரம், எட்டாயிரம், டாக்டரம்மா, ஆஸ்பத்திரி. லைன் போய்விட்டதோ என்று நான் எட்டிப் பார்த்தேன்.

"டாடி," என்றாள் கடைசியில், "அப்ப இவ்ளோ நாள் நான் யார்கூட நடந்துட்டு இருந்தேன்?"

இவர் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாள். நான்கு நாள் குடும்ப வாட்ஸ்அப்பில் ஒரு வார்த்தை இல்லை. அவள் மறுபடி படுத்துவிட்டாளோ என்று ஃபோனையே எடுத்து எடுத்துப் பார்த்தேன். இவர் சோபாவில் உட்கார்ந்தாலே எனக்குப் பயமாக இருந்தது. ஐந்தாம் நாள் ஒரு செய்தி வந்தது. "அந்த அம்மா எப்படி இருக்காங்க?" எங்கள் இருவரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. தேறி வருகிறார் என்று பதில் போட்டேன். அதன்பிறகு தினமும் அதே கேள்வி வரும், நானும் தினமும் பதில் போடுவேன். எத்தனை அடி நடந்தாள் என்று அவள் சொல்வதில்லை. நான் கேட்கவும் இல்லை.

அடுத்த முறை டாக்டரம்மாவிடம் போனபோது நானே வெளிப்படையாகக் கேட்டேன். "இவர் நடக்கவே இல்லையே, அப்புறம் சர்க்கரை எதனால இறங்குச்சு?"

அவர் பேனாவை மூடினார். "வீட்டுக்கும் குப்பத்துக்கும் நடந்திருக்கார். ராத்திரி சோறு இல்ல. தூக்கம் வந்திருக்கு. பகல்ல படுக்கல. நாலு பேரோட இருந்திருக்கார். இதுல எதுன்னு கேட்டா எனக்கும் தெரியாதும்மா. எல்லாத்தையும் விடாம செய்யச் சொல்லுங்க. கொஞ்சம் நிஜமாவே நடக்கச் சொல்லுங்க."

இப்போது லைட்ஹவுஸ் வரை நானும் அவரும் நடக்கிறோம். நான் வேகமாக நடப்பேன், அவர் பின்தங்குவார், பிறகு அவர் கேரமுக்குப் போய்விடுவார், நான் வீட்டுக்கு வந்துவிடுவேன். சில நாள் அவர் முகம் பழையபடி இருளும். ஏன் என்று நான் கேட்பதில்லை. கேட்காமல் இருப்பது சரியா என்றும் எனக்குத் தெரியவில்லை.

ஈஸ்டருக்கு மகள் வந்தாள். வந்த அன்றே, "அந்த அம்மாவைப் பாக்கணும்" என்றாள். அவர் அப்போது வேலைக்குத் திரும்பி ஒரு வாரம் ஆகியிருந்தது. மேஸ்திரியிடம் இவர் போய்ப் பேசியதில் சின்னத் தெரு ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். காலை ஏழு மணிக்கு அழைத்துப் போனேன். வழியெல்லாம் இருவரையும் எப்படி அறிமுகம் செய்வது என்று யோசித்துக்கொண்டே போனேன். இவர்தான் உன் டாடியாக நடந்தவர் என்றா?

நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்தப் பெண் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தார். "நீதானா கண்ணு? டெய்லி உன் நம்பர சாரு காட்டுவாரு. ஒன்பதாயிரம் காட்னன்னிக்கி நான் கூட கைதட்னேன்."

மகள் அழுதுவிட்டாள். எதற்கு அழுகிறாள் என்று அந்தப் பெண்ணுக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. "இன்னாத்துக்கு கண்ணு அழுவுற? சாப்டியா?" என்று கேட்டார். இல்லை என்றாள் மகள். ஃபோனில் சொல்லும் 'சாப்டேன்' இல்லாமல், உண்மையாகவே, இல்லை என்றாள். தெருமுனையில் ஒரு இட்லிக் கடை இருந்தது. இருவரும் அந்தப் பக்கம் நடந்தார்கள். நானும் கூடப் போகலாமா, அங்கேயே நிற்கலாமா என்று யோசித்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு அவர்கள் பின்னாலேயே போனேன்.